அரசியும் ஓவியரும்: இரண்டு தாய்-சேய் படங்கள்

1787 பாரிஸ் சலோன் கண்காட்சியில் எலிசபெத் விழே லெ ப்ருன் வரைந்த இரண்டு தாய்மைப் படங்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் பிரான்சின் அரசி மரி அந்துவானெத்தும் அவரது மூன்று பிள்ளைகளும். இன்னொன்றில் ஓவியரும் மகள் ஜூலியும்.

அரசியின் படம் ஓர் அரசியல் வேலை. 1785இல் வெடித்த வைர மாலை ஊழல் (அரசியின் பெயரைச் சொல்லி விலையுயர்ந்த மாலை ஒன்றை மோசடிக்காரர்கள் பெற்ற விவகாரம்) அவர் பெயரைக் கெடுத்திருந்தது. அதைத் துடைக்கத்தான் அவரை நல்ல தாயாகக் காட்டும் இந்தப் பெரிய படம். சிவப்பு வெல்வெட் உடை, மாலையில்லாத கழுத்து, பின்னால் நிழலில் நகை அலமாரி: பிள்ளைகளே என் நகைகள் என்று அரசி சொல்வதாகப் பொருள். மூத்த மகன் காலித் தொட்டிலைச் சுட்டுகிறான்; அந்த ஆண்டு ஜூனில்தான் கைக்குழந்தை சோஃபி இறந்திருந்தாள். இத்தனை இருந்தும் அரசியின் முகம் இறுகியே இருக்கிறது. மடியிலுள்ள குழந்தைகூட அணைப்புக்குள் இல்லை, காட்சிக்கு வைத்ததுபோல் தெரிகிறது.

1786இல் வரைந்த மற்றதில் அரண்மனையும் இல்லை, அலமாரியும் இல்லை. ஆறு வயது ஜூலி தாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தாய் பல் தெரியச் சிரிக்கிறார். அதுதான் அன்று குற்றமாகிப்போனது. வாய் திறந்து சிரிப்பது நாகரிகமல்ல என்று விமர்சகர் ஒருவர் முகம் சுளித்தார். (இன்று தேடினாலும் அதில் ஆபாசம் கிடைக்காது.)

அரசவை எப்படி யோசித்தது என்று அறிய வெர்சாய் அரண்மனையில் உள்ள முதல் படம் போதும். தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டுமென்றால், என் ஓட்டு பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள சிரிப்புக்கே.