ஒரே சிவப்பு மருந்து, இரண்டு சேலைன்: எந்தக் கொழுப்புப் பை எதற்கு?

சித்திக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றும்போது பக்கத்தில் இருந்தவன் நான். முதலில் ஏற்றியது சாதாரண டொக்சோரூபிசின், சர்பத் மாதிரித் தெளிந்த சிவப்பு. பிறகு மாற்றிக் கொடுத்ததும் அதே சிவப்புத்தான், ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கொஞ்சம் மங்கல். "தம்பி, மருந்து ஒண்டுதானே, பிறகேன் மாத்தினவை?" என்று சித்தி கேட்டார். அந்த மங்கல்தான் பதில். மருந்து ஒன்றுதான், இரண்டாவதில் அது கோடிக்கணக்கான கொழுப்புப் பைகளுக்குள் அடைபட்டு வருகிறது.

பை எப்படி உருவாகிறது? நம் கலங்களைச் சுற்றியிருக்கும் அதே மென்சவ்வுதான். அதைக் கட்டும் பொசுபோலிப்பிட்டு என்ற கொழுப்பு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலை ஒன்று, நீரை வெறுக்கும் வால் இரண்டு. நீரில் போட்டால் வால்களை உள்ளே ஒளித்துத் தலைகளை வெளியே காட்டி இரண்டடுக்காகத் தானே அடுக்கிக்கொண்டு, ஓரம் தெரியாமல் உருண்டு மூடிவிடும். சுவரின் தடிப்பு 4, 5 நனோமீற்றர்தான். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இதைப் பார்த்த பிறகுதான் லிப்போசோம் என்ற பெயரே வந்தது.

சரி, எந்தக் கொழுப்பில் செய்வது? இதற்கு எங்கள் குசினி போதும். மார்கழி, தை விடியலில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து நிற்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் எப்போதும்போல வழியும். தேங்காயெண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை, நேராக நெருங்கி அடுக்குப்படும். நல்லெண்ணெயின் வால்களில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் வளைந்து ஒன்றையொன்று தள்ளி நிற்கும். எண்ணெயில் மூலக்கூறுக்கு மூன்று வால், சவ்வில் இரண்டு, ஆனால் கணக்கு ஒன்றுதான். நிறைவுறா வால் கொண்ட டிஓபிசி என்ற இலிப்பிட்டு (கொழுப்பு) −17 பாகைக்குக் கீழேதான் இறுகும், 18 காபன் நீளமுள்ள நிறைவுற்ற வால் கொண்ட டிஎஸ்பிசி 55 பாகை வரை இறுகியே இருக்கும். எங்கள் உடம்போ 37.

ஆகவே முட்டை மஞ்சட்கருவிலுள்ள லெசிதின் என்ற பொசுபோலிப்பிட்டுக் கலவையில் பை செய்தால் அது உடம்புக்குள் நல்லெண்ணெய். செய்வது சுலபம், மலிவு, ஆனால் சிறிய மருந்து மூலக்கூறுகள் கசிந்துபோகும். சோயா லெசிதினுக்கு ஐதரசன் ஏற்றி வால்களை நிறைவுறச் செய்தால் பை உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி இறுகும். கொலஸ்திரோலையும் சேர்ப்பார்கள். எல்லோரும் திட்டும் அதே கொலஸ்திரோல் இங்கே சுவரின் இடைவெளிகளை அடைத்துக் கசிவைக் குறைக்கிறது. 1995 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டொக்சில், அதாவது பைக்குள் அடைத்த டொக்சோரூபிசின், இந்த இறுகிய வகை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது மருந்தை ஏற்றும் விதம்: முதலில் பைக்குள் அமோனியம் சல்பேற்றை நிரப்பிவிடுவார்கள், ஏற்றமில்லாத டொக்சோரூபிசின் சுவரைக் கடந்து உள்ளே போகும், போனதும் ஏற்றம் பெற்று சல்பேற்றோடு சேர்ந்து பளிங்காகிவிடும், அப்புறம் திரும்பி வர வழியில்லை.

சாதாரண டொக்சோரூபிசின் இரத்தத்திலிருந்து சீக்கிரமே இழையங்களுக்குப் போய்விடும், இதயத்துக்கும்தான், அங்கேதான் ஆபத்து. பைக்குள் இருப்பது நாட்கணக்கில் இரத்தத்திலேயே சுற்றும், இதயத்துக்குச் சேதம் குறைவு. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்து தோல் உரிவது கூடுதல். சித்திக்கு அதுதான் வந்தது. சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவ வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம் என்று தாதி சொல்லியும் இரண்டையும் விட அவருக்கு மனம் வரவில்லை. என்னைக் கேட்டால், இதயத்தைக் காக்க இந்த மாற்றம் தகும். ஆனால் கையைப் பற்றி முதல் சேலைனுக்கு முன்பே நோயாளிக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பங்கசுத் தொற்றுக்கு ஏற்றும் அம்பிசோம் வேறு கதை. அதில் மருந்து பையின் வயிற்றில் இல்லை, சுவரிலேயே இருக்கிறது. அந்த மருந்தான அம்போடெரிசின் நீரில் கரையாது, சவ்வைத்தான் நாடும். பங்கசுவின் சவ்விலுள்ள எர்கோஸ்திரோலை அது எங்கள் கொலஸ்திரோலைவிட இறுகப் பிடிக்கும், அதனால்தான் பங்கசு சாகிறது. ஆனால் தனியாகக் கொடுத்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், பையின் சுவரில் வைத்துக் கொடுத்தால் அந்தச் சேதம் குறையும்.

பைசர் கொவிட் தடுப்பூசியில் வந்ததையும் லிப்போசோம் என்று பலர் சொல்கிறார்கள், அது பிழை. அது இலிப்பிட்டு நனோதுணிக்கை, நடுவில் நீர்ப்பை கிடையாது, ஊசியின் சரக்கான ஆர்என்ஏயும் (கலத்துக்குப் புரதம் செய்யச் சொல்லும் மூலக்கூறு) கொழுப்பும் பிசைந்த உருண்டை மாதிரி. அதிலுள்ள முக்கிய இலிப்பிட்டு இரத்தத்தில் ஏறக்குறைய ஏற்றமற்றது. கலம் விழுங்கியபின் அமிலச் சூழலில் நேரேற்றம் பெற்று, விழுங்கிய பையின் சவ்வைக் குலைத்து ஆர்என்ஏயை வெளியே விடும். பெரும்பகுதி அங்கேயே சிக்கி வீணாகிறது, ஆனாலும் ஆர்என்ஏ போன்ற பெரிய, எதிரேற்றமுள்ள சரக்குக்கு இறுகிய லிப்போசோம் கிட்டவும் வராது. டொக்சோரூபிசின் போன்ற சின்ன மூலக்கூறுக்கு இந்த உருண்டை தேவையுமில்லை.

கடைகளில் லிப்போசோமல் விட்டமின் சி என்று கூடிய விலைக்கு விற்பது பெரும்பாலும் மென்மையான லெசிதின் பை. குடலிலுள்ள பித்த உப்புக்கள் அந்தச் சவ்வைக் கரைக்கும். ஊசியில் ஏற்றும் லிப்போசோமின் பெயரை நம்பி அதை வாங்காதீர்கள், ஒரு கொய்யாப்பழம் போதும்.

யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றையும்விடச் சேமிப்புத்தான் தலையிடி. பைசர் ஊசிக்கு முதலில் −60க்குக் கீழே குளிர் தேவைப்பட்டது. டொக்சில் 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது, உறைந்தால் பனிப்பளிங்கு சுவரைக் கிழித்துவிடும். அம்பிசோம் உலர்தூள், 25 பாகைக்குள் வைத்தால் போதும் என்கிறார்கள், ஆனால் இங்கே சித்திரையில் 25 பாகை என்றால் ஏசி போட்ட அறை. 2022 இல் மின்வெட்டு நீண்ட நாட்களில் ஜெனரேற்றருக்கு டீசல் தேடி அலைந்தவர்களுக்கு அது தெரியும்.