அப்பம் ஒன்று, விளக்கம் இரண்டு: மாற்கும் யோவானும்
ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் ஆண்கள், மீதி 12 கூடை. இவ்வளவு பேருக்கும் இயேசு சாப்பாடு கொடுத்த இந்தச் சம்பவம், பைபிளில் மாற்கு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது, யோவான் சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், இயேசு ஏன் இதைச் செய்தார் என்பதற்கு வேறு வேறு பதில் கிடைக்கும்.

மாற்கில் காரணம் மனதுருக்கம். மேய்ப்பன் இல்லாத ஆடுகள் போலத் திரண்டு வந்த கூட்டத்தைப் பார்த்து மனதுருகி, வெகுநேரம் போதித்து, பொழுது சாயும் வேளையில் பசும்புல்லின்மேல் வரிசை வரிசையாக உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்கிறார். ஆனால் இதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சொந்த ஊரில் விசுவாசம் இல்லாததால், சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர வேறு அற்புதம் எதையும் அவரால் செய்ய முடியவில்லை! அதாவது, அங்கே விசுவாசம் முதலில், அற்புதம் அப்புறம்.

யோவான் அப்படியில்லை. அற்புதத்துக்குக் கிரேக்க மொழியில் அவர் எழுதுவது 'அடையாளம்' என்று பொருள்படும் சொல். அடையாளம் முதலில், விசுவாசம் அப்புறம். கானாவூரில் தண்ணீர் திராட்சரசமான பிறகுதான் சீடர்கள் விசுவாசித்தார்கள் என்கிறார். இங்கேயும், ஒரு பையனிடம் இருந்த வாற்கோதுமை அப்பங்களால் கூட்டம் சாப்பிட்டு, மறுநாளும் தேடி வருகிறது. வயிறு நிறைந்ததால்தான் தேடுகிறீர்கள் என்று நேராகவே சொல்லிவிட்டு, 'ஜீவ அப்பம் நானே' என்கிறார் இயேசு. அந்தப் பேச்சு கடினமாக இருந்ததால் சீடர்களிலேயே பலர் விலகிப் போகிறார்கள்.

எனக்கு மாற்கின் பசும்புல்தான் நெருக்கம், பசித்தவனுக்கு முதலில் சோறு. ஆனால் ஜெபிக்க உட்காரும்போதெல்லாம் யோவானின் 'ஜீவ அப்பம் நானே' என்ற வார்த்தைதான் முன்னால் வந்து நிற்கிறது.