மெலிந்து வரும் காலத்துக்கு உடுப்பு: வன்னியில் நெடுநாள் பாவித்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை

கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதுதான் பாதுகாப்பான வேகம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். அந்த வேகத்தில் விடாமல் போனால் ஆறு மாதத்துக்குள் உடுப்பின் அளவு இரண்டு மூன்று தரம் மாறிவிடும். ஒவ்வொரு தரமும் புதிது வாங்குவது நம் பக்கத்தில் அநேகமான வீடுகளுக்குக் கட்டாது. தொங்கிக்கொண்டிருக்கும் உடுப்போடு ஒரு வருடத்தைக் கடத்தவும் தேவையில்லை. தையலை உள்ளே தள்ளிப் பிடிக்கிற எதையும், பிறகு பிரித்துத் திரும்ப விடக்கூடியதாகப் பிடிக்க வேண்டும். துணியை வெட்டுவதைக் கடைசி வரை தள்ளிப்போட வேண்டும். கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதல் மாதத்தில் உடுப்பில் கை வைக்காதீர்கள். தொடக்கத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர். சாப்பாடு கொஞ்சம் மாறினால் அது திரும்பி வந்துவிடும். மாதத்தில் ஒரு நாள், காலையில், சாப்பிட முன், அளவு நாடாவால் மார்பு, தொப்புள் மட்டத்து இடுப்பு, பின்பக்கம் அகலமான இடம், மேற்கை, தொடை என்று ஐந்தையும் எடுத்து எழுதி வையுங்கள். பெண்கள் மாதவிடாய் நெருங்கும் நாட்களில் அளக்கக் கூடாது, வயிறு ஊதியிருக்கும். தராசு அசையாமல் நிற்கும் மாதத்திலும் நாடா இறங்குவதுண்டு. உடுப்புக்கு வேண்டியது நாடாவின் கணக்குத்தான்.

அடுத்தது பிடிக்கிற கணக்கு. அதிகமான உடுப்புகள் பழுதாவது இங்கேதான். பக்கத் தையலைக் கால் அங்குலம் உள்ளே தள்ளினால் முன்துண்டில் கால், பின்துண்டில் கால் போகும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு அங்குலம் முழுதாகக் குறைந்துவிடும். ஆகவே எவ்வளவு தொய்வோ அதை நாலால் பிரித்து, அந்த அளவுக்கு மட்டும் தையலை நகர்த்த வேண்டும். "அக்கா, ரெண்டு இஞ்சி பிடிச்சு விடுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தால், மொத்தம் இரண்டா, பக்கத்துக்கு இரண்டா என்று தைக்கிறவருக்குத் தெரியாது. "மார்பு நாற்பதில இருந்து முப்பத்தெட்டாக வரவேணும்" என்று சொல்லுங்கள். இன்னும் நல்லது, உடுப்பை உள்பக்கம் வெளியே வரப் போட்டுக்கொண்டு பின் குத்திக் காட்டுவது. குத்தியபின் கையை மேலே தூக்கியும் கதிரையில் இருந்தும் பாருங்கள். நிற்கும்போது மட்டும் பார்த்துப் பிடித்த சட்டை, சைக்கிள் ஓடும்போது முதுகில் பிரியும்.

தற்காலிகமாகப் பிடிக்கும்போது மெசினில் தையல் நீளத்தை நாலு மில்லிமீற்றருக்கு வையுங்கள். வழக்கமான தையல் இரண்டரை அளவில் இருக்கும். மேல் நூல் துணியின் நிறம், கீழே வரும் பொபின் நூல் வேறு நிறம். மூன்று மாதம் கழித்துப் பிரிக்கும்போது எது பழைய தையல், எது புதிது என்று உடனே தெரியும், துணியும் கிழியாது. பருத்திக்குப் பதினாலாம் இலக்க ஊசி, பட்டு மாதிரி மெல்லிய துணிக்கு ஒன்பது அல்லது பதினொன்று, ஜீன்ஸுக்குப் பதினாறு. சற்றின் துணியில் ஊசித் துளை மறையாது. அதைப் பிடித்தால் பிடித்ததுதான் என்று நினைத்துக்கொண்டே பிடியுங்கள்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாகப் பல வீடுகளுக்குத் தையல் மெசின் கிடைத்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்து கைபழகிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் மல்லாவியோ விசுவமடுவோ ஒட்டுசுட்டானோ, பிடித்துத் தர ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. கூலி, அதே மாதிரிப் புது உடுப்பின் விலையில் மூன்றிலொன்றைத் தாண்டினால் அந்த உடுப்பை விட்டுவிடலாம் என்பது என் கணிப்பு. கலியாணச் சேலை மாதிரியானவை இதில் சேராது.

இனி உடுப்பு உடுப்பாக.

சேலையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஐந்தரை மீற்றரும் யார் உடம்பிலும் நிற்கும். பின்பக்கம் நாலு அங்குலம் குறைந்தால் சுற்றில் ஏழெட்டு அங்குலம் மிஞ்சும். ஐந்து அங்குல அகலக் கொய்யகம் ஒன்றுக்குப் பத்து அங்குலத் துணி வேண்டும், ஆகவே ஒரு கொய்யகம் கூட வந்தால் சரி. சேலை கட்டிப் பள்ளிக்கூடம் போகும் ரீச்சர்மாருக்கு இந்தக் காலம் மற்றவர்களைவிட லேசாகக் கடக்கும். சிக்கல் பிளவுஸில் இருக்கிறது.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போதே பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். இது மெலிகிறவர்களுக்கு மட்டுமில்லை, எடை திரும்ப ஏறினாலும் அதே துணிதான் கைகொடுக்கும். பிடிக்கும்போது பக்கத் தையலை மட்டும் பிடித்து விடுவதுதான் வழமையான பிழை. தையல் கையின் நுனியிலிருந்து கைக்குழியைக் கடந்து இடுப்பு வரை ஒரே கோடாக இறங்க வேண்டும். கைக்குழியில் நிறுத்தினால் அக்குளுக்குக் கீழே ஒரு பை தொங்கும். மொத்தம் இரண்டு அங்குலம் வரை இப்படிப் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் முன்பக்கத்து டாட் (வடிவத்துக்காகத் துணியை மடித்துப் போடும் தையல்) அக்குள் பக்கமாக இழுபட்டு மார்பின் வடிவம் கெடும், கழுத்தும் விரியும். கழுத்து விரிந்தால் பின்கழுத்தில் இரண்டு பக்கமும் கயிறு வைத்துக் கட்டலாம். இன்னும் ஒரு சைஸ் குறையும் வரை அதே பிளவுஸ் தாங்கும். கொழுக்கி போடும் பக்கத்தில் நூல் கண்களை முக்கால் அங்குலம் உள்ளே இன்னொரு வரிசையாகப் போட்டால் தையலே இல்லாமல் கொஞ்ச நாள் ஓடும். பருத்தி லைனிங் துணியைத் தைக்க முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே லைனிங் சுருங்கி, மெலிந்த உடம்புக்கும் பிளவுஸ் இறுகும்.

தீபாவளியோ தைப்பொங்கலோ நடுவில் வந்தால் சேலையை வாங்குங்கள், பிளவுஸ் துணியை வெட்டக் கொடுக்காதீர்கள். தையல்காரரிடம் ஒரு தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அளவைப் பத்து நாளுக்கு முன் கொடுத்தால் போதும்.

உள்பாவாடை நாடாவால் இறுக்குவது, ஆகவே எவ்வளவு மெலிந்தாலும் இடுப்பில் நிற்கும். ஆறு அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் சுருக்கெல்லாம் வயிற்றில் குவிந்து, குறைந்த வயிற்றைத் திரும்பப் பெரிதாகக் காட்டும். அப்போது இரண்டு பக்கத் தையலையும் மேலிருந்து முழங்கால் வரை சரிவாகப் பிடித்துவிடுங்கள். நீளத்தையும் பாருங்கள். வயிறு முன்னால் தள்ளியிருந்தபோது பாவாடையின் முன்பக்கம் மேலே தூக்கியிருந்திருக்கும். வயிறு இறங்கினால் முன்விளிம்பு நிலத்தில் இழுபடும். செம்மண் ரோட்டில் மாரி காலத்தில் அந்த விளிம்பு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. காற்சட்டைக்கும் இதே கதைதான்.

பஞ்சாபியில் (சல்வார் கமீஸ்) மேல்சட்டை சுலபம், பக்க வெட்டு வரை பிடித்தால் போதும். பக்கத் தையலை ஒட்டிப் பூவேலை, மணிவேலை இருப்பதை இந்தக் காலத்தில் வாங்க வேண்டாம், பிடிக்க முடியாது. கீழே நாடா வைத்ததை எடுங்கள். இலாஸ்ரிக் வைத்ததாக இருந்தால் உள்பக்கம், நடுப் பின்னால், இலாஸ்ரிக் ஓடும் மடிப்பில் இரண்டு அங்குலம் தையலைப் பிரித்துத் திறந்து விடுங்கள். அதற்குள்ளால் இலாஸ்ரிக்கை இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் தைத்துக்கொள்ளலாம். நுனியை வெட்டவேண்டாம். புதிதாகப் போடுவதென்றால் ஒரு அங்குல அகலம், இடுப்பு அளவைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவாக வெட்டுங்கள். மடிப்புக்குள் அது சுருளாமல் இருக்க இரண்டு பக்கத் தையலுக்கும் மேலே நெடுக்காக ஒவ்வொரு தையல் போடுங்கள். லெகின்ஸ் பலரும் எடுக்கிறார்கள், இரண்டு சைஸ் வரை தாங்கவும் செய்கிறது. ஆனால் நம் வெயிலில் காய்ந்தால் ஒரு பருவத்தில் இழுவை போய்விடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிழலில் காயவிட்டாலே இரண்டு மணித்தியாலத்தில் காயும், வெயிலில் போடத் தேவையே இல்லை. பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டாலும் இலாஸ்ரிக் செத்துவிடும்.

ஆண்களுக்கு வீட்டில் சாறம் இருக்க ஒரு பிரச்சினையும் இல்லை. கந்தோருக்குப் போகும் நீளக் காற்சட்டைதான் காசைத் தின்னும். தைத்த காற்சட்டையின் பின்நடுத் தையலில் துணி விட்டிருப்பார்கள், அதைப் பிடித்து இரண்டு அங்குலம் வரை குறைக்கலாம். மூன்றுக்குப் போனால் பின்பொக்கற் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும், பக்கத் தையல் பின்னால் திரும்பும், கவட்டுப் பகுதி தொங்கும். அதற்குமேல் குறைந்தவர்கள் அந்தக் காற்சட்டையை விடுவதே நல்லது. அதற்கு முன் செய்யக்கூடிய மலிவான வேலை, முன் கொழுக்கியை அரை அங்குலம் நகர்த்துவது. பெல்ற்றில் புதுத் துளை அடிப்பதற்குப் பதில் பக்கிள் பக்கத்தைப் பாருங்கள். அநேகமானவற்றில் பக்கிள் ஒரு கவ்வியால் அல்லது சின்ன ஆணியால் பிடித்திருக்கும். அதைக் கழற்றி அந்தப் பக்கத்தால் வெட்டினால் நுனியும் துளைகளும் முன்போலவே இருக்கும். இது மட்டும் வெட்டினால் திரும்பாத வேலை, ஆகவே ஒவ்வொரு தரமும் ஒரு அங்குலத்துக்கு மேல் வெட்டவேண்டாம்.

சேட்டில் முதுகில் இரண்டு டாட், ஒவ்வொன்றும் அரை அங்குல ஆழம். மொத்தம் இரண்டு அங்குலம் போகும், பிரிப்பதும் ஐந்து நிமிட வேலை. தோள் மட்டும் திருத்த முடியாத இடம். தோள் தையல் எலும்பு நுனியைத் தாண்டி ஒரு அங்குலம் கீழே விழுந்தால் எந்தப் பிடிப்பும் அந்தச் சேட்டைக் காப்பாற்றாது. கை, கொலர், கைக்குழி எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப வெட்ட வேண்டும், கூலிக்கு இரண்டு சேட் வாங்கலாம். எந்த உடுப்பு வாங்கினாலும் தோளுக்குப் பொருந்துவதை எடுங்கள். இடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காசு செலவழிக்கவே வேண்டிய ஒன்று பிறா. பலர் கடைசியாகத்தான் இதை மாற்றுகிறார்கள், அது சரியில்லை. கொழுக்கி மூன்று வரிசை இருக்கிறது. புதிதாக வாங்கும்போது மிகத் தளர்ந்த வரிசையில் பொருந்துவதை எடுங்கள், மெலிய மெலிய உள்வரிசைக்குப் போகலாம், இலாஸ்ரிக் தளரும்போதும் அதுவே உதவும். கடைசி வரிசையிலும் பின்பட்டி முதுகில் மேலேறினால் அது முடிந்துவிட்டது. அடுத்த பட்டிக்கு இறங்கும்போது கிண்ணத்தின் எழுத்து ஒன்று கூடும்: 36 பி போட்டவருக்கு, மார்பு அவ்வளவாகக் குறையாமல் முதுகு மட்டும் குறைந்திருந்தால், 34 சி பொருந்தும். இதை அறியாமல் 34 பி வாங்கி, இறுக்குகிறது என்று திரும்ப 36க்குப் போகிறவர்கள் அதிகம். பருத்தியில் எடுங்கள். மெலியும்போது தோல் தளர்ந்து மடியும், மடிப்புக்குள் வியர்வை நின்றால் படை வரும்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒன்று. வற்றாப்பளைப் பொங்கல் மாதிரித் திருவிழாக் கடைகளில் விலை குறைவுதான், ஆனால் திருவிழா முடிய மாற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. சாறம், உள்பாவாடை, சேலை மாதிரி அளவு பாராதவற்றை அங்கே எடுங்கள். போட்டுப் பார்க்க வேண்டியவற்றுக்குக் கிளிநொச்சிச் சந்தைப் பக்கமோ வவுனியாவோ, வாங்க முன் எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று கேட்டுவிட்டு.

எவ்வளவு வேண்டும்? இடுப்பில் நாலு அங்குலத்தை ஒரு கட்டமாக எடுத்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும், வெளியே போகும்போது போடக் கீழுடுப்பு இரண்டு, மேலுடுப்பு மூன்று. நம் வெக்கைக்கு ஒரு நாளில் இரண்டு தரம் மாற்றவேண்டி வரும், ஆகவே மேலுடுப்பை மூன்றுக்குக் கீழே இறக்க முடியாது. மச்சாள், சித்தி, பக்கத்து வீடு என்று கைமாற்றும் உடுப்புகளை வெட்கப்படாமல் வாங்குங்கள். ஒரே வருடத்துக்குள் நீங்களும் கொடுப்பீர்கள். கொடுக்கும்போது மார்பு, இடுப்பு அளவைத் துண்டில் எழுதிப் பின் குத்திக் கொடுத்தால் வாங்குகிறவருக்குப் பெரிய உதவி.

பழைய பெரிய அளவில் ஒரு சோடி மட்டும் வைத்திருங்கள். மாரியில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, நன்றாகக் காய்ந்தபின் காய்ந்த வேப்பிலையோடு பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். சரிகைச் சேலையைப் பொலித்தீன் பையில் வைத்தால் சரிகை கறுக்கும்.

அளவு நாடா மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றபிறகுதான் கத்தரிக்கோல். அப்போது தற்காலிகத் தையலுக்குப் பக்கத்தில் இரண்டரை மில்லிமீற்றரில் நிரந்தரத் தையல் போட்டு, உள்ளே முக்கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டி, விளிம்பை ஓவர்லொக் செய்யுங்கள். ஓவர்லொக் இல்லாத இடத்தில் நெளிதையல் போதும்.