ட்ரையர் வாய்க்கு எந்த மெக்னட்? ஃபெரைட்டா, நியோடைமியமா?

எங்க டீ ஃபேக்டரி ஸ்டோர்ல தேத்தூள்ல கலக்குற இரும்புத் துகளப் புடிக்க புது மெக்னட் வாங்கணும்னு பேச்சு வந்தப்ப எல்லாரும் நியோடைமியம்தான்னு சொன்னாங்க. இழுவையில ஃபெரைட் அதுக்குக் கிட்டயே வராது, ஒரே சைஸ் கட்டியில அடங்குற சக்தி சுமார் பத்து மடங்கு, விலையும் அப்படித்தான். சரின்னு தேயிலைய உலத்துற ட்ரையர்ல தூள் வெளிய வர்ற வாயில இருந்த பழைய ஃபெரைட் பலகையக் கழட்டிட்டு அதப் போட்டோம்.

ஆறு மாசத்துல இழுவை விழுந்துருச்சு. இரும்பு உருண்டைய ஒட்டவச்சு ஸ்பிரிங் தராசுல இழுத்துப் பாத்தா ஆரம்பத்துல இருந்ததுல பாதிதான் இருக்கு.

மெக்னட் பழசானா பவர் போயிரும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, சும்மா வச்சிருந்தா ரெண்டுமே பல வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது, கெடுக்குறது சூடுதான். எங்க ட்ரையர்ல தூள் வெளிய வர்ற கீழ்ப்பக்கமாத்தான் சூட்டுக் காத்து உள்ள போகுது, 90 டிகிரிக்கு மேல. சாதா நியோடைமியம் தாங்குறது 80 வரைக்கும்தான், கட்டி மெல்லிசா இருந்தா அதுக்கும் முன்னாடியே தளரும். எல்லைக்குள்ள எறங்குன பவர் ஆறுனதும் திரும்பிரும் (இந்தத் தளர்ச்சி டிகிரிக்கு டிகிரி பாத்தா ஃபெரைட்லதான் கூட), ஆனா எல்லையத் தாண்டிப் போனது ஆறுனாலும் வராது, மறுபடி மெக்னடைஸ் பண்ணித்தான் ஆகணும். ஃபெரைட்டுக்கு அந்த எல்லை 250 டிகிரி, அதனால எங்க பழைய பலகை அத்தன வருசம் அந்த வாயிலயே கெடந்தும் ஆணி, வாசர் எல்லாத்தையும் இன்னும் கபக்குன்னு புடிக்குது.

துருவும் ஒரு பெரிய விசயம். ஃபெரைட் பீங்கான் மாதிரி, நம்ம மலை ஈரத்துலயும் துருப்பிடிக்காது, கீழ போட்டாத்தான் ஒடையும். நியோடைமியத்துல நிக்கல் முலாம் உரிஞ்சு ஈரம் பட்டா தூளா உதிரும், இரும்பப் புடிக்க வச்சதே தேத்தூள்ல உதிர்ந்தா எப்படி? வாங்குறதுனா ஸ்டெயின்லஸ் குழாய்க்குள்ள வச்சு வெல்ட் பண்ணி மூடுனதா வாங்குங்க.

அதுக்காக ஃபெரைட்டே எல்லாத்துக்கும் போதும்னு சொல்லமாட்டேன், ரோலர் தேய்ஞ்சு வர்ற நைஸ் இரும்புப்பொடிய அது விட்டுருது. அதனால ட்ரையர் வாயில பழைய பலகையவே திரும்ப மாட்டிட்டோம், தூள் நல்லா ஆறி வர்ற பேக்கிங் பக்கம் குழாய் போட்ட நியோடைமியம் வச்சிருக்கோம். நியோடைமியத்துலயே 120 டிகிரி தாங்குற ஹெச், 150 தாங்குற எஸ்ஹெச் கிரேடும் கெடைக்குது, நாங்க போட்டுப் பாக்கல, வெல கூட. சூடான எடத்துக்கு நியோடைமியம்தான் வேணும்னா காசு குடுக்குறதுக்கு முன்னாடி கிரேடு எழுத்த பில்லுல எழுதி வாங்குங்க, நாங்க வாங்குனப்ப அதக் கேக்கவே இல்ல.