அடுப்பு வாங்கும் முன் சட்டி அலமாரியைத் திறந்து பாருங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வயரிங் வேலை பார்க்கிறேன். எல்பில், ஹீவுட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் சமையலறைகளில்தான் என் பிழைப்பு பாதி ஓடுகிறது. மனைவிக்கு ஈப்போவில் ஷிஃப்ட் வேலை என்பதால் எங்கள் வீட்டில் கரண்டியும் பெரும்பாலும் என் கையில்தான். அதனால் அடுப்பின் மேல்பக்கமும் தெரியும், அடிப்பக்கமும் தெரியும்.

தீபாவளி நெருங்கினால் போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி: "தம்பி, கேஸ எடுத்துட்டு இண்டக்‌ஷன் போட்டுடலாமா?" கடையில் பளபளவென்று கறுப்புக் கண்ணாடியைக் காட்டியிருப்பார்கள். விரலால் தொட்டால் போதும், துணியால் ஒரு துடைப்பு போதும் என்று சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் பதிலுக்கு இரண்டு விஷயம் கேட்பேன். வீட்டில் என்னென்ன சட்டி இருக்கிறது? அடுப்பு வைக்கப் போகிற இடத்தில் என்ன பிளக் இருக்கிறது? அடுப்பைத் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான்.

எங்கள் வீட்டில் மூன்று வகையும் ஓடுகிறது. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, ஒற்றை இண்டக்‌ஷன், அப்புறம் கடைக்காரர்கள் செராமிக் என்றும் இன்ஃப்ராரெட் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லும் சிவப்பு அடுப்பு ஒன்று.

கேஸிலிருந்து தொடங்குகிறேன். குவாலி என்கிற வாணலி வைத்துச் சமைக்கிறவர்களுக்கு இதை அடித்துக்கொள்ள வேறு அடுப்பு இல்லை. குவாலியின் அடி வளைவு. தீ அந்த வளைவை அணைத்துக்கொண்டு பக்கமெல்லாம் ஏறும். நெத்திலிச் சம்பலுக்கு மிளகாய் விழுது வதக்கும்போது எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்க வேண்டுமே, அதற்கு அந்தப் பக்கச் சூடு வேண்டும். மண்சட்டியில் மீன் கறி வைக்கலாம். கத்தரிக்காயை நேரே தீயில் சுடலாம், அப்பளத்தை இடுக்கியில் பிடித்து வாட்டலாம். இதில் ஒன்றைக்கூட இண்டக்‌ஷன் செய்யாது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய பர்னர் 4.5 கிலோவாட், 5 கிலோவாட் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் சட்டிக்குள் போவது நூற்றுக்கு 32லிருந்து 40 வரைதான். மீதி சுவருக்கும் சமைக்கிறவர் முகத்துக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே, ஃபேனும் போட முடியாமல் நின்று பாருங்கள், தெரியும். ஃபேன் போட்டால் தீ ஆடும், சில நேரம் அணைந்தே போகும்.

அணைவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வருகிற நல்ல கேஸ் அடுப்புகளில் தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறது. பர்னர் ஓரமாகச் சுண்டுவிரலை விடச் சின்னதாக ஒரு உலோகக் குச்சி நிற்கும். அது சூடாக இருக்கிற வரைதான் வால்வு திறந்திருக்கும். பற்றவைத்த பிறகு சில விநாடிகள் திருகை அழுத்திப் பிடிக்கச் சொல்வது குச்சி சூடேறத்தான். "கைய எடுத்தா அணைஞ்சிடுதுங்க, அடுப்பு கெட்டுப் போச்சு" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் அந்தக் குச்சியில் குழம்பு வழிந்து கரியாகக் காய்ந்திருக்கும். அடுப்பு ஆறிய பிறகு பாத்திரம் தேய்க்கும் நாரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கூடக் கொஞ்சம் காசு ஆனாலும் இந்தப் பாதுகாப்பு உள்ள அடுப்பைத்தான் வாங்குங்கள். வயதானவர்கள் தனியாகச் சமைக்கிற வீட்டில் இது இல்லாத அடுப்பு வேண்டவே வேண்டாம்.

மேசை மேல் வைப்பதா, குழி வெட்டிப் பதிப்பதா என்பது அடுத்தது. இங்கே பாதி வீடுகளில் சமையல் மேடை சிமெண்டில் கட்டி டைல்ஸ் ஒட்டியது. அதில் குழி வெட்ட ஆள் கூலி, தூசி, உடைந்த டைல்ஸ் என்று செலவு ஏறும். நாலைந்து வருடம் கழித்து வேறு அடுப்பு வாங்கினால் பழைய குழி பொருந்தாது, ஏனென்றால் குழி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்ணாடி மேல்தளம் பார்க்க அழகு. ஆனால் பெரிய அண்டாவை வைத்துத் தீயை முழுதாக விட்டால் சூடு கீழே அடைபட்டுக் கண்ணாடி நொறுங்க வாய்ப்பு உண்டு. வீட்டில் அண்டாவில் சமைக்கிற பழக்கம் இருந்தால் எவர்சில்வர் மேல்தளம் எடுங்கள்.

சரி, இண்டக்‌ஷன். இதில் அடுப்பு சூடாவதில்லை, சட்டிதான் சூடாகிறது. கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள். அதன் காந்த அலை சட்டியின் அடியில் மின்சாரத்தைச் சுழலவிட்டுச் சூடாக்குகிறது. அதனால்தான் 85 விழுக்காடு சூடு சட்டிக்கே போகிறது. 2000 வாட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் கொதிக்கும். ரசம், தேநீர், இட்லி, முட்டை அவிப்பது, ஆட்டுக்கால் சூப், எல்லாவற்றுக்கும் அருமை. நேரம் வைத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்காரலாம். ஃபேனைத் தலைக்கு மேலேயே சுழலவிடலாம். இது ஒன்றுக்காகவே என் மனைவி அதை வாங்கச் சொன்னாள்.

ஆனால் காந்தம் ஒட்டாத சட்டியை அது கண்டுகொள்ளாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து அம்மாவின் அலமாரியில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். சோறு வடிக்கும் அலுமினியப் பானை, ஒட்டவில்லை. பொங்கல் பித்தளைப் பானை, இல்லை. மண்சட்டி, கேட்கவே வேண்டாம். இந்தியாவிலிருந்து தூக்கி வந்த அலுமினியக் குக்கர், இல்லை. எவர்சில்வரில் சிலது ஒட்டியது, சிலது ஒட்டவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நன்றாக ஒட்டியது இரும்புத் தோசைக்கல்லும் எனாமல் பூசிய பழைய மங்குச் சட்டியும். குவாலி இரும்புதான், காந்தம் ஒட்டும், ஆனால் வளைந்த அடி சமக் கண்ணாடியில் ஒரு புள்ளியில்தான் உட்காரும். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அடுப்பு வாங்குனா சட்டியும் வாங்கணுமா, தம்பி?" ஆமாம். அந்தச் செலவைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

தோசைக்கல் ஒட்டுகிறதே, தோசை சுடலாமா? சுடலாம், நடுவில் மட்டும். மலிவான ஒற்றை இண்டக்‌ஷனில் சுருள் சின்னது, கல் பெரியது. கல்லை மெதுவாகச் சூடேற்றினால்கூட நடுவட்டம் செம்பழுப்பாகிக் கருகத் தொடங்கும்போது ஓரம் வெள்ளையாக, மாவு வாசம் போகாமல் இருக்கும். கல்லை நகர்த்தி நகர்த்திச் சுடும் பொறுமை எனக்கு இல்லை. இன்னொன்று, மலிவான இண்டக்‌ஷனில் சிறு தீ என்று ஒன்று கிடையாது. குறைந்த சூட்டில் வைத்தால் கொஞ்ச நேரம் வேகமாக ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ஓடும். பால் அடங்கியதே என்று திரும்பினால் பொங்கி வழிந்திருக்கும். விலை கூடிய பதிக்கும் வகைகளில் இது பரவாயில்லை.

பூச்சித் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். அடியில் காற்று இழுக்கும் துளை இருக்கிறது, உள்ளே கதகதப்பு இருக்கிறது. எறும்பும் பல்லியும் விடுமா? திடீரென்று செத்துப்போன ஒரு இண்டக்‌ஷனைத் திறந்தால் மின்பலகையில் இரண்டு காலை இரண்டு முனையில் வைத்தபடி ஒரு பல்லி கருகிக் கிடந்தது. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி அடுப்பை நிமிர்த்தி வையுங்கள்.

இன்ஃப்ராரெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்கடியில் கம்பி சிவந்து எரியும், எந்தச் சட்டியும் ஓடும், அடி மட்டும் சமமாக இருந்தால் போதும். சூடேற நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம். சர்க்கரைப் பாகு சிந்தினால் உடனே, சூட்டோடு, சுரண்டி எடுக்க வேண்டும். ஆறவிட்டால் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வரும். பால்கோவா, அதிரசம் செய்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். கேஸ் தோங் (சிலிண்டர்) வைக்க அனுமதி இல்லாத வாடகை அறைக்கு ஏற்றது, அவ்வளவுதான்.

இனி என் தொழில். நம் வீட்டு மூன்று கால் பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 3000 வாட்டுக்கு ஒரு பிடி குறைவு. இரண்டு வட்டம் உள்ள இண்டக்‌ஷன் பலவும் இந்தக் கணக்குக்குள் அடங்கத்தான் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைத் தானே குறைக்கிறது. "ரெண்டும் சேர்ந்து வேகமா எரிய மாட்டேங்குது" என்பது பழுதில்லை. நான்கு வட்டம் உள்ளது ஏறக்குறைய 7000 வாட் கேட்கும், அதாவது 30 ஆம்பியர். அதற்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், 32 ஆம்பியர் பிரேக்கர், தனி சுவிட்ச் எல்லாம் வேண்டும். பழைய வீடுகளில் மெயினே தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டில் இரண்டு வட்ட அடுப்பை நீட்டிப்புப் பெட்டியில் மாட்டியிருந்தார்கள். அதே பெட்டியில் சோற்றுக் குக்கர், கேத்தல். பிளக்கைப் பிடுங்கப் போனால் வரவில்லை. சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகிப் பிளக்கோடு ஒட்டிக்கொண்டு, கீழ்க் கால் ஒன்றின் பக்கம் பழுப்பேறி, மீன் கெட்டது போல ஒரு நாற்றம். "கடையில அப்படியே மாட்டலாம்னு சொன்னாங்க தம்பி" என்றார். சுவர் பிளக்கில் நேரே மாட்டலாம், அதுதான் முழுப் பேச்சு. அந்த நாற்றம் வந்தால் அடுப்பைத் தொடாமல் மெயினை அடைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இடியையும் மறக்கக் கூடாது. பேராக் பக்கம் பருவம் மாறும் மாதங்களில் சாயங்காலமானால் வானம் இடிக்கத் தொடங்கிவிடும். ஒரு மின்னலில் மெயின் விழுந்து கரண்ட் போனால் இண்டக்‌ஷன் மட்டும் உள்ள வீட்டில் அன்றைக்கு ரொட்டிதான்.

காசுக் கணக்கு. 14 கிலோ தோங் 26.60 வெள்ளி (ரிங்கிட்), வீட்டுக்குக் கொண்டு வரும் கூலி தனி. அதில் ஏறக்குறைய 180 யூனிட் சூடு இருக்கிறது. வீணாவதைக் கழித்தால் சட்டிக்குள் போகும் ஒரு யூனிட் 37லிருந்து 46 காசு. மின்சாரம், 2025 ஜூலையில் மாறிய கட்டணப்படி, கழிவு (தள்ளுபடி) எதுவும் சேர்க்காமல் யூனிட் 44 காசு சொச்சம். இண்டக்‌ஷனில் சட்டிக்குள் போகும்போது 52 காசு ஆகிறது. மின்சாரம் குறைவாகப் பிடிக்கும் வீட்டுக்குக் கழிவு உண்டு, அப்போது இண்டக்‌ஷனே மலிவாகிவிடும். ஏர்கான் இரவெல்லாம் ஓடுகிற வீட்டில் அந்தக் கழிவு கரைந்துபோகும். எப்படிப் பார்த்தாலும் மாதத்துக்குச் சில வெள்ளி வித்தியாசம். கேஸ் விலை அரசு மானியத்தில் நிற்கிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

என்னைக் கேட்டால், குடும்பத்துக்குச் சமைக்கிற வீட்டில் அணைந்தால் நிற்கும் பாதுகாப்புள்ள இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பக்கத்திலேயே சுவர் பிளக்கில் ஒற்றை இண்டக்‌ஷன். தாளிப்பும் குவாலியும் தோசையும் அங்கே, கொதிக்கிறதெல்லாம் இங்கே. முழுக்க இண்டக்‌ஷன் என்றால் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கும் புதுக் குடும்பத்துக்குச் சரி, அவர்களுக்குச் சட்டியே இனிமேல்தான் வாங்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், மேடையின் அளவைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிரிம் தரச்சான்று முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். கேஸ் எடுத்தால் ரப்பர் குழாயையும் கிளிப்பையும் அன்றைக்கே புதிதாக வாங்கி மாட்டி, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பற்றவையுங்கள்.