கோடோ கேம் எஞ்சின்: மண்டபம் கரையில் இரண்டு ஆண்டுகள்

மண்டபத்தில் மீன் கொள்முதல் செய்யும் ஒரு கம்பெனியில் எடைச்சீட்டும் கணக்கும் எழுதுவது என் பிழைப்பு. விசைப்படகுகள் கரை திரும்பும் நாட்களில் விடியற்காலையில் தொடங்கும் வேலை நண்பகல் தாண்டியும் ஓயாது. மற்ற நாட்களில் பாதிப் பொழுது சும்மாவே கழியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், ஊரே வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டும் இருக்கும் அந்த இரண்டு மாதந்தான் எனக்குக் கேம் செய்யும் பருவம். இப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தையும் எட்டு வயதான ஒரு மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு, கேம் செய்யப் பயன்படும் கோடோ என்னும் மென்பொருளில் (இத்தகையதைத்தான் கேம் எஞ்சின் என்கிறார்கள்) வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கோடோவை உருவாக்கியவர்கள் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கியும் ஆரியல் மன்சூரும். 2014இல், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தின்கீழ் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. எஞ்சினுக்குக் கட்டணம் கிடையாது. அதில் செய்த கேமை விற்றுக் காசு பார்த்தாலும் பங்கு கேட்க யாரும் வரமாட்டார்கள். 2023 செப்டம்பரில், இன்னொரு கேம் எஞ்சினை நடத்தும் யூனிட்டி நிறுவனம், கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வசூலிக்கப் போவதாக அறிவித்தபோது (ஓராண்டில் அது கைவிடப்பட்டது) பலர் கோடோ பக்கம் திரும்பினார்கள். நான் வந்தது அதற்காக அன்று. 100 எம்பியைத் தொடாத ஒரு கோப்பை இறக்கி, அவிழ்த்து, அப்படியே திறந்து வேலையைத் தொடங்கிவிடலாம், கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. எஞ்சினும் கேமும் ஒரே பென் டிரைவில் அடங்கிவிடுவதால், ஏலம் தொடங்கும்வரை கம்பெனிக் கணினியிலும் ஒரு மணி நேரம் வேலை ஓடும். முதலாளி இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நான் செய்துகொண்டிருப்பது பாய்மர வள்ளம் ஓட்டும் ஓர் இருபரிமாணக் கேம். எங்கள் பக்கத்தில் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முன்னது கொந்தளித்துப் பின்னது அடங்கிக் கிடக்கும், வாடையில் நிலைமை தலைகீழாகும். கேமில் இரண்டு கட்டங்கள், இரண்டு காற்றுகள், நடுவில் பாம்பன் கால்வாய். இதற்குக் கோடோவின் அமைப்பு மிக இசைவாக இருந்தது. அதில் எல்லாமே நோடு எனப்படும் சிறு உறுப்புகள். சில நோடுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு சீன். அடிமரம் ஒரு சீன், பாய் ஒரு சீன் என்று தனித்தனியே செய்து, பாயை அடிமரத்தில் பொருத்தி, அந்த வள்ளத்தையே இருபது முறை கடலில் இறக்கினேன். பிறகு பாயின் வடிவத்தை ஓரிடத்தில் மாற்றியதும் இருபது வள்ளங்களிலும் மாறியது. காற்றின் திசை மாறும்போது ஒரு சிக்னல் கொடுத்தால் போதும். எந்த வள்ளம் எங்கே நிற்கிறது என்பதைக் காற்று தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை, அதற்குக் காதுகொடுக்கும் வள்ளங்கள் தாமாகத் திரும்பிக்கொள்ளும். பைத்தானைப் போலவே இடம்விட்டு எழுதும் ஜிடிஸ்கிரிப்ட் மொழி, வேலைக்கு நடுவில் பத்து நாள் தொடாமல் விட்டுவிட்டு வந்தாலும் படித்தவுடன் விளங்குகிறது. என்னைப் போன்றவனுக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

முதல் வடிவத்தைத் துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். ஃபோனைக் கண்ணருகே பிடித்துச் சிறிது நேரம் விளையாடியவர், "கச்சான்ல இப்படிப் பாயை முழுசா விரிச்சா வள்ளம் நிக்காது தம்பி, கவுந்துரும்" என்று திருப்பித் தந்துவிட்டார். மறுநாள் பாய் சுருக்கும் பொத்தானைச் சேர்த்தேன். ஒரே மாலையில் அதைச் செய்ய முடிந்ததையும் கோடோவின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

தமிழில் கேம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது பதிப்பு எண்ணை. மூன்றாம் பதிப்பு வரிசையில் எழுத்துகள் சேமிக்கப்பட்ட வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரையப்பட்டதால், 'கெ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. 'தொடங்கு', 'கொண்டல்' போன்ற சொற்களைப் படமாக வரைந்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓர் எழுத்து மாறினாலும் படத்தை மறுபடி வரைய வேண்டும். 2023 மார்ச்சில் வெளிவந்த 4.0 பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நூலகம் சேர்க்கப்பட்டதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. இப்போது கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. நிரலுக்குள்ளேயே 'காற்று', 'பாய்' என்று தமிழில் மாறிகளுக்குப் பெயர் வைக்கவும் முடிகிறது. நான் வைத்திருக்கிறேன், தட்டச்சுப் பலகையை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை காணவில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: உலாவியில் ஓடும் வடிவத்தை வெளியிடும்போது நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைக் கேமுடனேயே சேர்த்துவிட வேண்டும், இல்லையேல் கதை முழுதும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இரண்டாவதாகச் செய்தது கேம் என்று சொல்லத்தக்கதன்று. என் உடம்புக்காகச் செய்தது. பகலில் கணக்குமேசை, இரவில் கேம்மேசை என்று உட்கார்ந்தே இருந்ததில் எடை 88 கிலோவைத் தொட்டு, இடுப்புவலியும் சேர்ந்துகொண்டது. ஆண்ட்ராய்டு ஃபோனில் அசைவை அளக்கும் முடுக்கமானியின் அளவைக் கோடோ ஒரே வரியில் எடுத்துத் தருகிறது என்று கண்டதும், நான் நடந்தால் மட்டும் திரையில் நகரும் ஓர் ஆளை உருவாக்கினேன். அவன் மண்டபத்தில் புறப்பட்டு, பாலம் கடந்து, இராமேசுவரம் வழியாக அரிச்சல்முனைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நான் வைக்கும் ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, 70 சென்டிமீட்டர் என்று கொண்டால் 57,000 எட்டுகளுக்குச் சற்று அதிகம். ஃபோன் அசையாமல் இருக்கையில் புவியீர்ப்பின் 9.8 மட்டுமே அளவாக வரும், கால் ஊன்றும்போது அது துள்ளும். அந்தத் துள்ளலை எண்ணுவதுதான் முறை. முதல் சோதனையில் நான் வாய்விட்டு எண்ணி 100 எட்டு வைத்தபோது அது 131 என்றது, ஏனென்றால் ஓர் ஊன்றலின் அதிர்வையே சில சமயம் இரண்டாக எண்ணிவிட்டது. இரண்டு எட்டுகளுக்கிடையே 0.3 நொடியாவது கடக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் 97க்கு வந்தது. எனக்கு அது போதும். கடலோர மணலில் கால் புதையும்போது மட்டும் துள்ளல் மந்தமாகிச் சில எட்டுகள் விட்டுப்போகின்றன. உண்மையில் அங்கேதான் மூச்சு வாங்குகிறது.

புதிய பதிப்புக்கு மாறியபின் இரண்டு மாலை நடந்தும் ஆள் பாலத்திலேயே நின்றான். முடுக்கமானியைத் திட்ட அமைப்புகளில் நாமே இயக்கிவிட வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருந்ததை நான் படிக்காமல் விட்டது காரணம். திரை அணைந்தால் கேமும் நின்றுவிடுவதால் ஃபோனைக் கையிலேயே பிடித்து நடக்க வேண்டியிருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கைப்பட்டை இதைவிடத் துல்லியமாக எண்ணும் என்பதை மறுக்கமாட்டேன், ஆனால் அதில் அரிச்சல்முனை கிடையாது. ஏழு மாதத்தில் நான்கு முறை போய்ச் சேர்ந்துவிட்டேன், எடை 83. பரோட்டாவைக் குறைத்ததற்கும் அதில் பங்குண்டு என்று என் அம்மா சொல்வதை இங்கே பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

குறைகள் கடைசிக் கட்டத்தில் வருகின்றன. எஞ்சின் சிறியதுதான், ஆனால் கேமை வெளியிடத் தேவையான வார்ப்புருக்களின் தொகுப்பு அதைப் போலப் பல மடங்கு பெரியது. ஆண்ட்ராய்டுக்கு என்றால் அதற்கு மேல் ஜாவாவும் ஆண்ட்ராய்டு மேம்பாட்டுக் கருவிகளும் வேண்டும். டேட்டா கட்டணத்தையும் சிக்னலையும் பார்த்து வாழ்பவன் இவற்றை ஒரு நல்ல இரவில் இறக்கி வைத்துக்கொள்வது நலம். உலாவி வடிவம் முன்பு, கேமை வைத்திருக்கும் வழங்கியில் (சர்வரில்) சில சிறப்பு அமைப்புகளைக் கேட்டது. 2024 ஆகஸ்டில் வந்த 4.3 முதல் அவை இல்லாமலும் ஓடும். முப்பரிமாணத்தை என் மடிக்கணினியில் முயன்று பார்த்து விட்டுவிட்டேன், ஆகையால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் புதுத் திட்டம் தொடங்கும்போது 'கம்பாட்டிபிலிட்டி' என்ற வரைகலை முறையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் காட்டப்படும் ஃபார்வர்டு பிளஸ் முறைக்கு, வல்கன் போன்ற புதிய வரைகலை இடைமுகங்களை இயக்கவல்ல வரைகலை அட்டை வேண்டும். பென் டிரைவில் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் என் மடிக்கணினியின் யூஎஸ்பி துளை ஒன்றில் பச்சை பூத்துவிட்டது. மீதியிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இப்போது கேம் வள்ளத்துக்குச் சுக்கான் செய்துகொண்டிருக்கிறேன்.