ஸ்வெட்டருக்கு மேல் வைத்த ஸ்டெதாஸ்கோப்

கோத்தகிரிப் பகுதியில் ‘முழு உடல் பரிசோதனை’ என்று பலகை வைத்திருக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் என் தாயாருக்கு நேர்ந்ததை, மூச்சிரைப்புக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும் மலைப்பகுதி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரைக் குறிப்பிடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும்.

அம்மாவுக்கு 58 வயது. முப்பது ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். முதுகில் பையோடு சரிவுகளில் ஏறி இறங்கிப் பழகிய அவர், கடந்த டிசம்பரில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் படிகளில் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். இரவில் படுத்தால் இருமல் வரும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். ஒரு தலையணை இரண்டாகி, பொங்கலுக்குள் மூன்றாகிவிட்டது. மாலையில் காலுறையைக் கழற்றும்போது அதன் விளிம்பு கணுக்காலுக்கு மேலே பள்ளமாகப் பதிந்திருக்கும். குளிருக்கு வாங்கிய புது உறை இறுக்கமாக இருக்கிறது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது எங்கள் தவறு.

கிளினிக் மருத்துவர், அம்மா போர்த்தியிருந்த சால்வையையோ ஸ்வெட்டரையோ விலக்கச் சொல்லாமலே, முதுகில் இரண்டு இடத்திலும் மார்பில் ஓரிடத்திலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்தார். “பனிக்கு வந்த இழுப்புதாம்மா, மாசி போனா சரியாயிடும்” என்றார். நெபுலைசர் வைத்தார்கள், மூச்சுக்குழாயை விரிக்கும் மாத்திரை கொடுத்தார்கள், முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்து வாரத்தில் ஆறு முறை போனோம். மூன்றாவது முறை, இதயத்தையும் பார்த்துவிடலாம் என்று சொல்லி 3,500 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை செய்தார்கள். இதயத்தைப் பார்த்தது என்பது ஒரு ஈசிஜி மட்டுமே. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும் ஈசிஜி, இதய அறைகளுக்கு இடையே கதவுபோல் இருக்கும் வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு, இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோ எடுக்க வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பிப்ரவரி இறுதியில் ஓர் இரவு, மூன்று மணிக்கு அம்மா மூச்சுக்குத் திணறி எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். சளி இளஞ்சிவப்பு நுரையாக வந்தது. 108 வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ஆக்ஸிஜனும், நீரை வெளியேற்றும் ஊசியும் கொடுத்த பிறகு, அம்மா ஓரளவு தேறியதும், பணியிலிருந்த இளம் மருத்துவர் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்க வைத்து, ஒரு நிமிடத்துக்கும் மேலாக இதய ஒலியைக் கவனித்துக் கேட்டார். பிறகு, “சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?” என்று கேட்டார். பன்னிரண்டு வயதில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தபோது, முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கிப் பள்ளிக்கூடம் நின்றுபோனதை அம்மா சொன்னார். அத்தனை ஆண்டுகளில் என்னிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் அந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தழும்பாக்கி, பல ஆண்டுகள் கழித்து அதைச் சுருக்கிவிடுகிறது. கோவையில் எடுத்த எக்கோவில், அம்மாவின் இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வு 0.9 சதுர சென்டிமீட்டர்தான் திறந்தது. இயல்பாக 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். குறுகிய வால்வைக் கடந்து இரத்தம் இறங்குவதற்கு, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே அவகாசம் வேண்டும். நெபுலைசர் மருந்தும் அந்த மாத்திரையும் துடிப்பை விரைவாக்கி அந்த அவகாசத்தைக் குறைத்தன. வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடலில் தேக்கியது. தேங்கியதெல்லாம் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கொடுத்த ஒவ்வொன்றும் எதிர்த் திசையில் வேலை செய்திருக்கிறது.

இதயத் துடிப்புகளுக்கிடையே இரத்தம் பாயும்போது கேட்கும் இரைச்சலை மர்மர் என்கிறார்கள். அம்மாவுக்கு இருந்த மர்மர் மெல்லிய ஒலி என்பதையும், பழகிய காதுக்கும் சில நேரம் தப்பிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேட்டும் பிடிபடவில்லை என்றிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். கோவையிலிருந்து திரும்பிய பிறகு கிளினிக்கின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். “இதய ஒலிகள் இயல்பு, மர்மர் இல்லை” என்று அச்சாகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் அறிக்கையிலும் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு இருந்தது. அவருக்கும் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லையாம். செய்யாத பரிசோதனையைச் செய்ததாக அச்சடித்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

மர்மர் என்றாலே நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். இரத்தசோகையிலும் காய்ச்சலிலும் கர்ப்பகாலத்திலும் நல்ல இதயத்திலேயே அது கேட்கலாம். ஆனால் படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் மூச்சிரைப்பு, கால் வீக்கம், படியேறும்போது மயக்கம் அல்லது நெஞ்சுவலி ஆகியவற்றோடு மர்மரும் இருந்தால் எக்கோ எடுக்காமல் விடக் கூடாது. குளிராக இருந்தாலும் கம்பளியை நீங்களே கழற்றிவிட்டு மருத்துவர் முன் உட்காருங்கள்.

அம்மாவுக்குத் தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது முடிந்தது. இப்போது ஒரே தலையணைதான். தினமும் காலையில், கழிவறை சென்று வந்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அது கொழுப்பல்ல, நீர். ஊறுகாய், கருவாடு, அப்பளம் நின்றன. கருவாட்டுக்காக மட்டும் இன்னும் என்னிடம் சண்டை போடுகிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளுக்கும் வீட்டில் இடமில்லை.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எழுத்து மூலம் கேட்டும் எனக்கு ரசீதுகள் மட்டுமே கிடைத்தன. இரண்டு அறிக்கைகளின் நகல்களையும் இணைத்து, மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதே வரியோடு அறிக்கை வைத்திருப்பவர்கள் அசலை யாரிடமும் கொடுத்துவிடாமல், நகல் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.